திரை காத்திருக்கப் பழக வேண்டும்: மேடைக்கான வீடியோ பாடம் நடத்தப்போகும் புதியவர்களுக்கு

வீடியோ தயாரிப்பும் மேடைக்கான வீடியோவும் சேர்ந்த ஒரு பாடத்தை அடுத்த பருவத்துக்கு உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எடிட்டிங் தெரிந்தவருக்கு மேடை புதிது. மேடையிலேயே வளர்ந்தவருக்குக் கோடெக் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை) என்ற சொல்லைக் கேட்டாலே தலை சுற்றும். நான் முதல் ரகம். அதனால் முதல் வருடம் எனக்குத் தெரிந்ததையே முன்னால் வைத்துக்கொண்டேன். பத்து வாரம் கேமராவும் எடிட்டிங்கும், கடைசி நான்கு வாரம் மேடை. மாணவர்கள் பளபளவென்று மூன்று நிமிடப் படங்களோடு வந்தார்கள். அந்தப் படங்களுக்கு முன்னால் நின்று நடித்தவர்களோ, கிளம்பிவிட்ட பஸ்ஸைத் துரத்துகிறவர்களைப் போல வசனம் பேசினார்கள். படம் யாருக்காகவும் நிற்கவில்லை.

தப்பு என்னுடையதுதான். எடிட் செய்து முடித்த படத்துக்குள் நேரம் பூட்டப்பட்டுவிடுகிறது. மேடையில் நேரம் நடிப்பவர் கையில் இருக்கிறது. ஒருநாள் பார்வையாளர்கள் சிரித்து முடிக்க நான்கு வினாடி ஆகும். மறுநாள் யாருமே சிரிக்க மாட்டார்கள். நடனமாடுபவர் ஒரு மூச்சு கூடுதலாக அசையாமல் நிற்பார். அதுவரை திரையும் நிற்க வேண்டும். ஓடத் தெரிந்த வீடியோவை யார் வேண்டுமானாலும் செய்துவிடுவார்கள். காத்திருக்கத் தெரிந்த வீடியோவைச் செய்யக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் பாடம். அதனால் நான் இப்போது மேடையை முதல் வாரத்திலேயே கொண்டுவந்துவிடுகிறேன். கேமராவும் எடிட்டிங்கும் அதற்குள்ளேயே நடக்கின்றன.

வகுப்பு தொடங்கும் முன்: சாமான் கணக்கு

பட்டியலைப் பெரிதாக்க வேண்டாம். ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் துணி, இரண்டு லேப்டாப், நான்கைந்து கேமரா முக்காலி (டிரைபாட்), சட்டையில் குத்தும் மைக் இரண்டு, வெளிச்சத்தை அடைக்க முடிகிற ஓர் அறை. கேமராவுக்கு மாணவர்களின் போனே போதும். பணம் கொஞ்சம் மிஞ்சினால் இன்னொரு கேமரா வாங்காதீர்கள்; அடாப்டர், நீளமான கேபிள், வேகமான எஸ்எஸ்டி வட்டு வாங்குங்கள். பாதி வகுப்புகள் நின்றுபோவது அடாப்டர் இல்லாமல்தான்.

மாணவர்களை நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். நிகழ்த்துகலை மாணவர்கள் கிடைத்தால் குழுவுக்கு ஒருவர். கிடைக்காவிட்டால் வீடியோ மாணவர்களே மாறி மாறி மேடையேறட்டும். உண்மையில் அதுதான் நல்லது. வெளிச்சத்தில் கண் கூசிக்கொண்டு, பின்னால் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் ஒருமுறை நின்று பார்த்தவர், அப்புறம் நடிப்பவரிடம் "இன்னும் கொஞ்சம் சீக்கிரம்" என்று கேட்கத் தயங்குவார்.

முதல் நாள்: கறுப்பைக் காட்டுங்கள்

எல்லா விளக்கையும் அணையுங்கள். ஒரு நிமிடம் கண் பழகட்டும். பிறகு புரொஜெக்டரில் முழுக் கறுப்பான ஒரு படத்தைப் போடுங்கள். துணியில் சாம்பல் நிறத்தில் ஒரு செவ்வகம் தெரியும். யாராவது ஒருவர் "சார், அது ஆன்ல இருக்கு" என்பார். ஆமாம், அதுதான் பாடம். சாதாரண புரொஜெக்டரால் வெளிச்சத்தை முழுதாக மறைக்க முடியாது. மேடையில் இருட்டு என்று நாம் நினைத்த இடத்தில் அது ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது.

இதற்கு மருந்து மூன்று. ஒன்று, புரொஜெக்டருக்குள்ளேயே ஒளியை அடைக்கும் ஷட்டர் இருந்தால் அதைப் பயன்படுத்துவது. இரண்டு, லென்ஸுக்கு முன்னால் ஏறி இறங்கும் தகடு. விளக்குப் பலகையிலிருந்து இயக்கும் வகை கடையில் கிடைக்கும், ஒரு குச்சியில் ஒட்டிய கறுப்பு அட்டையும் அதே வேலையைச் செய்யும். மூன்று, படத்தின் ஓரங்களை மென்மையாக மங்கவைத்து, செவ்வகமே தெரியாதபடி செய்வது. மூன்றாவதை மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்கும்வரை சொல்லாதீர்கள். "வீடியோ என்றால் 16:9 சட்டகம்" என்ற பழக்கம் உடைவது அந்த இடத்தில்தான்.

மிச்ச நேரத்தில் அதே வெளிச்சத்தை ஒரு வெள்ளைச் சட்டையில், ஒரு நாற்காலியில், திறந்த புத்தகத்தில், சுவர் மூலையில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளடக்கம் எதுவும் வேண்டாம். ஒரு வெள்ளை வட்டம் நகர்ந்தால் போதும். சரித்திரம் சொல்லியே ஆக வேண்டுமென்றால் இங்கே ஐந்து நிமிடம் சொல்லுங்கள்: 1920-களில் பெர்லினில் நாடக இயக்குநர் எர்வின் பிஸ்காட்டர் நாடகத்துக்குள் திரைப்படச் சுருளைக் கொண்டுவந்தது, 1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் மேடை வடிவமைப்பாளர் யோசெஃப் ஸ்வோபோடாவும் இயக்குநர் ஆல்ஃபிரெட் ராடோக்கும் 'லாட்டர்னா மாகிகா' என்ற நிகழ்ச்சியில் மேடை ஆட்களையும் திரை ஆட்களையும் சேர்த்து ஆடவைத்தது. டிஜிட்டல் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தத் தலைவலி உண்டு என்று தெரிந்தால் மாணவர்களுக்கு ஓர் ஆறுதல்.

கேமராவும் ஒலியும்: தானியங்கியை அணைப்பது

இந்தப் பகுதியைப் பற்றி இணையத்தில் கடல்போலக் கிடக்கிறது. மேடைக்கு அவசியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

எக்ஸ்போஷர் (ஒளியளவு), ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை (வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் நிற அமைப்பு) மூன்றையும் கையால் பூட்டச் சொல்லுங்கள். போன் தானாக வெளிச்சத்தை ஏற்றி இறக்கினால், வீட்டில் பார்க்கும்போது கண்ணில் படாது. ஆறு மீட்டர் அகலத்தில் பார்த்தால் திரை முழுவதும் பெருமூச்சு விடுவது போலத் தெரியும். ஷட்டர் வேகத்தை (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தை) மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு பொருத்துங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. இல்லாவிட்டால் விளக்குகள் பட்டை பட்டையாக ஓடும். எல்இடி விளக்குகளில் இது போதாமலும் போகலாம். ஒரு சோதனை ஷாட் எடுத்துப் பார்த்துவிட்டு மேலே போகவும்.

போன்களுக்கு இன்னொரு குணம் உண்டு. வினாடிக்கு 30 ஃபிரேம் என்று சொல்லிவிட்டு வெளிச்சம் குறைந்தால் 27, 24 என்று தன் இஷ்டத்துக்கு இறங்கும். எடிட்டிங்கில் ஒலி மெல்ல மெல்ல உதட்டைவிட்டு விலகிப்போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் போட்டு நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிய பிறகே டைம்லைனுக்குள் விட வேண்டும்.

ஒலிக்கு 48 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கட்டும். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் 30 வினாடி அந்த அறையின் அமைதியைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். முதல் தடவை சிரிப்பார்கள். வெட்டுக்கு வெட்டு ஒலி பள்ளத்தில் விழுவதைக் கேட்ட பிறகு அவர்களே ஒருவரையொருவர் "ஷ்ஷ்" என்று அதட்டுவார்கள்.

நிமிர்த்திப் பிடித்து எடுப்பதைத் திட்டாதீர்கள். சினிமாவுக்கு அது பிழையாக இருக்கலாம். மேடையில் ஒரு குறுகலான துணித் தொங்கலுக்கு அதுதான் சரியான அளவு.

கதவுப் பயிற்சி

மொத்தப் பாடத்திலும் எனக்குப் பிடித்தது இதுதான். மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில் வைக்கலாம்.

ஒரு குழுவிடம் மூடிய கதவு ஒன்றைப் படமெடுக்கச் சொல்லுங்கள். கதவு திறக்கிறது, உள்ளேயிருந்து வெளிச்சம் வருகிறது, மூடுகிறது. ஆளுயரத்துக்கு அதைத் திரையில் போட வேண்டும். மேடையில் ஒருவர் நடந்துவந்து, கதவைத் தட்டி, திறந்ததும் ஒரு வரி பேசி, மூடியதும் திரும்பிப் போக வேண்டும். அவ்வளவுதான்.

முதல் முறை 20 வினாடி வீடியோ ஒன்றோடு வருவார்கள். நடிப்பவர் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்துவிடும். அடுத்த முறை அவர் வேகமாக நடப்பார். இப்போது தட்டித் தட்டி நிற்பார், கதவு அசையாது. ஐந்து முறை செய்யவிடுங்கள். ஐந்தும் ஐந்து நேரம் எடுக்கும். யாராவது "ஒத்திகை பண்ணினால் சரியாகிவிடும்" என்பார். அப்போது நடிப்பவரிடம் ரகசியமாகச் சொல்லிவையுங்கள்: அடுத்த முறை தட்டுவதற்கு முன் ஷூ லேஸைக் கட்டு என்று.

பிறகு தீர்வுக்கு வாருங்கள். வீடியோவை மூன்றாக வெட்டுகிறோம். மூடிய கதவு ஒரு லூப்; எவ்வளவு நேரமும் ஓடும். திறப்பது ஒரு தனித் துண்டு. பொத்தானை அழுத்தினால் ஒருமுறை ஓடி, தானாகவே திறந்த கதவின் லூப்பில் போய் நிற்கும். மூடுவது இன்னொரு துண்டு. அதுவும் முடிந்ததும் முதல் லூப்புக்கே திரும்பும். இப்போது நடிப்பவர் ஷூ லேஸ் கட்டலாம், கொட்டாவி விடலாம், வசனம் மறந்து விழிக்கலாம். கதவு காத்திருக்கும்.

இதில் நுணுக்கம் லூப்பில் இருக்கிறது. உறைந்த ஒரு படத்தை வைத்தால் என்ன என்று கேட்பார்கள். வைத்துக் காட்டுங்கள்; அசையாத படம் உயிரில்லாமல் இருக்கும், திறக்கும் நொடியில் ஒரு சின்ன உதறல் தெரியும். அதனால் படமெடுக்கும்போதே, முக்காலியை நகர்த்தாமல், ஒன்றும் நடக்காத ஒரு முழு நிமிடத்தை எடுக்க வேண்டும். அதில் தூசி மிதக்கும், நிழல் கொஞ்சம் ஆடும். அந்த நிமிடத்தின் கடைசி ஒரு வினாடியை முதல் வினாடியோடு கரைத்துச் சேர்த்தால் தையல் தெரியாது. வெயிலில் எடுத்தால் மேகம் வந்து கெடுக்கும். கதவுக்குப் பின்னால் ஆள் நின்றுகொண்டிருந்தால் அவர் நிழல் லூப்பில் திரும்பத் திரும்பத் தலையாட்டும். எங்கள் வகுப்பில் ஒரு குழுவின் லூப்பில் பல்லி ஒன்று ஏழு வினாடிக்கொரு முறை ஒரே இடத்தில் எட்டிப் பார்த்தது. நடிப்பவர் அதைப் பார்த்துத் தலையசைக்கத் தொடங்கினார். நிகழ்ச்சியில் எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டது அதைத்தான்.

இந்தப் பயிற்சிக்குப் பிறகு "ஒன்றும் நடக்காத ஒரு நிமிடம்" என்பதை எல்லாப் படப்பிடிப்புக்கும் விதியாக வைத்துவிடுங்கள். எந்தச் சட்டகமானாலும் சரி, கடைசியில் அந்த நிமிடத்தை எடுக்காமல் முக்காலியைத் தூக்கக் கூடாது.

புரொஜெக்டர் கணக்கு

மாணவர்களை ஓர் அளவு நாடாவோடு எழுப்பிவிடுங்கள். இரண்டே கணக்குதான்.

முதலாவது தூரம். ஒவ்வொரு லென்ஸுக்கும் த்ரோ விகிதம் என்று ஓர் எண் உண்டு: திரையிலிருந்து புரொஜெக்டர் இருக்கும் தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது. விகிதம் 1.5 என்றால், 6 மீட்டர் அகலப் படத்துக்கு 9 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அரங்கில் 7 மீட்டர்தான் இருக்கிறதா? அப்படியானால் படத்தின் அகலம் 4.6 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும், அவ்வளவுதான். இதை முதலிலேயே போட்டுப் பார்க்காத குழு, நிகழ்ச்சிக்கு முந்தின நாள் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு சுவரைத் துளைக்கிறவர்களைப் போல நிற்கும்.

இரண்டாவது வெளிச்சம். லுமென் என்பது புரொஜெக்டர் தரும் மொத்த ஒளி, லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி. 5000 லுமென் புரொஜெக்டர், 4 மீட்டர் அகலம், 2.25 மீட்டர் உயரம்: பரப்பு 9 சதுர மீட்டர், திரையில் ஏறக்குறைய 555 லக்ஸ். அதே படத்தை 8 மீட்டர் அகலத்துக்குப் பெரிதாக்கினால் பரப்பு 36 சதுர மீட்டர். லக்ஸ் 140-க்கும் கீழே. அகலம் இருமடங்கானால் வெளிச்சம் கால்வாசி. பெரிய படம் வேண்டும் என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் இந்த வரியைக் காட்டுங்கள்.

வெளிச்சப் பிரச்சினை பாதி புரொஜெக்டரில் இல்லை, மேடை விளக்கில் இருக்கிறது. நடிப்பவரைத் திரையிலிருந்து இரண்டு மீட்டராவது முன்னால் கொண்டுவாருங்கள். விளக்கை முன்னாலிருந்து போடாமல் பக்கவாட்டிலிருந்தும் செங்குத்தாக மேலேயிருந்தும் போட்டால், மிச்ச வெளிச்சம் திரையில் விழாமல் தரையிலும் பக்கத் திரைச்சீலையிலும் விழும். விளக்கு அமைக்கும் மாணவரையும் வீடியோ மாணவரையும் ஒரே நாற்காலி வரிசையில் உட்காரவைத்து இதைப் பேசவிடுங்கள். தனித்தனியாக விட்டால் கடைசி நாளில் சண்டை வரும். அதில் ஜெயிப்பது எப்போதும் விளக்குதான், ஏனென்றால் முகம் தெரியாத நாடகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

படம் கோணலாக விழுந்தால் உடனே அதை நேராக்கும் கீஸ்டோன் பொத்தானைத் தேடுவார்கள். அது படத்தைச் சுருக்கிச் சரிசெய்கிறது, கூர்மை போகும். முதலில் புரொஜெக்டரை நேராக வையுங்கள். லென்ஸ் ஷிஃப்ட் (புரொஜெக்டரை அசைக்காமல் படத்தை நகர்த்தும் வசதி) இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கீஸ்டோன் கடைசி வழி. தலைக்கு மேலே தொங்கவிடுவதாக இருந்தால் பயிற்சி பெற்றவர் மட்டுமே ஏற வேண்டும், பாதுகாப்புக் கம்பி கட்டாயம். இதில் சமரசமே கிடையாது.

கேபிள் பற்றி ஒரு வரி. சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டரைத் தாண்டினாலே நம்பகம் குறையத் தொடங்கும். தொழில்முறை வீடியோவுக்கான எஸ்டிஐ கேபிள் எச்டி படத்தை 100 மீட்டர் வரைகூடக் கொண்டுபோகும், முனையும் திருகிப் பூட்டிக்கொள்ளும், யாராவது தடுக்கினாலும் கழன்றுவராது.

மென்பொருளும் கோப்பும்

எந்த மென்பொருள் என்று அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். வரிசையாகக் கியூ (இந்த இடத்தில் இதை ஓட்டு என்ற குறி) போட்டு ஓட்ட கியூலேப் எளிது, ஆனால் மேக் கணினியில் மட்டுமே ஓடும். இசை நிகழ்ச்சிக்கு, அந்த நொடியில் அடுக்குகளைக் கலந்து விளையாட ரெசொல்யூம். உடலசைவுக்கு ஏற்ப படம் மாற வேண்டுமென்றால் ஐசடோரா. மார்க் கோனிக்லியோ என்பவர் ட்ரோய்க்கா ராஞ்ச் என்ற நடனக் குழுவின் தேவைக்காக உருவாக்கியது என்பதால் அதற்கு மேடை புரியும். டச்டிசைனர் வலிமையானது, வணிக நோக்கமில்லாத பதிப்பு இலவசம், படத்தின் அளவு மட்டும் 1280-க்கு 1280 பிக்சல் என்று கட்டுப்படும். ஆனால் அதை முதல் பருவத்தில் தொட்டால் பாடம் டச்டிசைனர் பாடமாகிவிடும். கையில் பணமே இல்லையென்றால் ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருள். காட்சிகளைக் கியூவாக வைத்துச் சமாளிக்கலாம். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு தாராளம்.

கோப்பு வகையை மட்டும் நிதானமாகச் சொல்லிக்கொடுங்கள். போனிலிருந்து வரும் எச்.264 (பரவலான ஒரு கோடெக்) கோப்பில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. சிலவற்றைத் தவிர மற்றவை "முந்தின படத்திலிருந்து இவ்வளவு மாறியது" என்ற குறிப்புகள்தான். நேராக ஓட்டினால் பிரச்சினை இல்லை. சட்டென்று நடுவிலிருந்து தொடங்கு, திரும்பிப் போ, லூப் அடி, நான்கு அடுக்கு ஒரே நேரத்தில் ஓட்டு என்றால் கணினி திணறும். மேடையில் நாம் செய்வதெல்லாம் அதுதான். ஹேப் என்ற கோடெக்கில் ஒவ்வொரு ஃபிரேமும் தனி, கிராஃபிக்ஸ் அட்டையே பிரித்துக்கொள்ளும். ரெசொல்யூமுக்கு அதே மாதிரி டிஎக்ஸ்வி. கோப்பு பல மடங்கு பெருக்கும், அதனால்தான் முதலிலேயே எஸ்எஸ்டி வாங்கச் சொன்னேன்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. 25 ஃபிரேம் வீடியோவை 60 ஹெர்ட்ஸில் ஓடும் புரொஜெக்டரில் விட்டால் மெதுவாக நகரும் எதுவும் தடுக்கித் தடுக்கிப் போகும். 25 என்றால் வெளியீட்டை 50 ஹெர்ட்ஸாக வையுங்கள். 60 என்றால் 30 ஃபிரேமில் எடுங்கள். இதைப் படப்பிடிப்புக்கு முன்பே முடிவு செய்து பலகையில் எழுதிப்போடுங்கள்.

கியூ தாள்

பொத்தானை யார், எப்போது, எதைப் பார்த்து அழுத்துவது? இதுதான் கியூ தாள். எண், எதைப் பார்த்து அழுத்துவது, திரையில் என்ன வரும், எப்படி முடியும் என்று நான்கு கட்டங்கள். எண்ணை 10, 20, 30 என்று விட்டுவிட்டுப் போடுங்கள். நடுவில் 15 ஒன்று வந்தே தீரும்.

இரண்டாவது கட்டத்தில் மாணவர்கள் "2 நிமிடம் 14 வினாடி" என்று எழுதுவார்கள். சிவப்பு மையால் அடியுங்கள். அங்கே நேரம் வரக் கூடாது, நடப்பது வர வேண்டும். "கடிதத்தை மடித்ததும்." இன்னும் நல்லது: "மடித்த கடிதம் பைக்குள் போய், கை வெளியே வந்ததும்." எவ்வளவு துல்லியமாக உடலைக் கவனித்து எழுதுகிறார்களோ அவ்வளவு நன்றாக வீடியோ நடிக்கும்.

அழைக்கும் முறையும் பழகட்டும். மேடை மேலாளர் "வீடியோ 40, ஸ்டாண்ட்பை" என்பார், இயக்குபவர் "ஸ்டாண்ட்பை" என்று பதில் சொல்லி விரலைப் பொத்தான்மேல் வைப்பார், "வீடியோ 40... கோ." அந்தக் 'கோ' என்ற சொல்லை ஹெட்செட்டில் வேறு எந்தப் பேச்சிலும் சொல்லக் கூடாது. ஒரு மாணவி "அப்புறம் கோவிலுக்குப் போகணும்" என்று ஹெட்செட்டில் முணுமுணுக்க, கதை முடியும் முன்பே சூரியன் உதித்த கதை எங்களிடம் உண்டு. பதற்றத்தில் விரல் இருமுறை அழுத்துவதும் சகஜம். கியூலேப்பில் இரண்டு 'கோ'வுக்கு நடுவே குறைந்தபட்ச இடைவெளி வைக்க ஓர் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுவையுங்கள்.

தாள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே சோதனை: ஒரு குழுவின் நிகழ்ச்சியை அடுத்த குழு இயக்க வேண்டும். தாளும் கோப்பும் மட்டும் கையில். செய்தவர்கள் வாய் திறக்கக் கூடாது. பத்து நிமிடத்தில் எல்லா ஓட்டையும் வெளியே வந்துவிடும். "இறுதி_புதியது_2_உண்மையான இறுதி" என்று கோப்புக்குப் பெயர் வைக்கும் வழக்கமும் அன்றோடு ஒழியும்.

நேரலை கேமரா

மேடையில் இருப்பவரை அப்போதே படமெடுத்துத் திரையில் பெரிதாகக் காட்டும் ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும். வரட்டும். ஆனால் தாமதத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வையுங்கள். 25 ஃபிரேம் வேகத்தில் ஒரு ஃபிரேம் 40 மில்லிவினாடி. கேமரா ஒன்று, உள்வாங்கும் கருவி ஒன்று, மென்பொருள் ஒன்று, புரொஜெக்டர் ஒன்று என்று தின்றாலே 160 மில்லிவினாடி. கேமராவின் முன் ஒருவரைக் கைதட்டச் சொல்லுங்கள். தட்டிய ஓசை வந்த பிறகுதான் திரையில் கைகள் சேரும்.

இதைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. அதனால் தாமதம் வலிக்காத இடத்தில் வையுங்கள். பேசும் முகத்தைக் காட்டினால் உதடு காட்டிக்கொடுத்துவிடும். கடிதம் எழுதும் கை, மேஜைமேல் நகரும் சின்னப் பொம்மை, பின்கழுத்து, இவற்றில் யாரும் கவனிக்க மாட்டார்கள். இல்லையென்றால் தாமதத்தையே வேண்டுமென்று மூன்று வினாடியாக்கி, நடனமாடுபவர் தன் பழைய நிழலோடு ஆடட்டும். வருடத்துக்கு ஒரு குழுவாவது இதைத் தானாகக் கண்டுபிடிக்கிறது; ஒவ்வொரு முறையும் உலகத்திலேயே முதல் ஆள் தாங்கள்தான் என்ற முகத்தோடு வந்து சொல்லும். நான் கெடுப்பதில்லை.

பார்வையாளர்கள்மேல் கேமராவைத் திருப்புவதாக இருந்தால் நுழையும் இடத்திலேயே அறிவிப்பு வைக்க வேண்டும். ஒரு வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் படங்கள் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. அவற்றைத் தவிருங்கள்.

ஒத்திகையும் நிகழ்ச்சி நாளும்

கியூவிலிருந்து கியூவுக்குத் தாவும் தொழில்நுட்ப ஒத்திகைக்கு, நீங்கள் நினைத்ததைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். 15 நிமிடத் துண்டுக்கு மூன்று மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. நடிப்பவர்களுக்கு அன்று ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம் என்று முன்கூட்டியே சொல்லி, உட்கார நாற்காலி போட்டுவையுங்கள்.

நிகழ்ச்சிக் கணினிக்கான சடங்குகள்: இணையத்தைத் துண்டிக்க வேண்டும், தூக்கம், திரைப் பூட்டு, அறிவிப்புகள், தானியங்கிப் புதுப்பிப்பு எல்லாம் அணைய வேண்டும், டெஸ்க்டாப் பின்னணி கறுப்பு, இரண்டாவது திரை நகலாக இல்லாமல் நீட்சியாக, சார்ஜர் சொருகியிருக்கிறதா என்று கண்ணால் அல்ல, கையால் பார்க்க வேண்டும். ஏன் இவ்வளவு கறார் என்றால், என் இரண்டாவது வருட நிகழ்ச்சியில் ஒரு மாணவி இறந்துபோன தாயிடம் பேசும் காட்சி. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் தலைக்கு மேலே, ஐந்து மீட்டர் அகலத்தில், "பேட்டரி குறைவாக உள்ளது" என்று வந்தது. சோதித்திருக்க வேண்டியவன் நான். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள், சிரிப்பு அடங்கும்வரை நின்றாள், பிறகு விட்ட இடத்திலிருந்து பேசினாள்.

நிகழ்ச்சியைப் பதிவு செய்ய முழு மேடையும் தெரியும் ஒரு கேமராவை அசையாமல் வையுங்கள், முகத்துக்கு எக்ஸ்போஷர் பூட்டி. பின்னால் திரை கொஞ்சம் வெளுத்துப்போகும், பரவாயில்லை. ஒலியை ஒலிப் பலகையிலிருந்து ஒரு வழியும், அரங்கில் வைத்த மைக்கிலிருந்து ஒரு வழியும் எடுங்கள். சிரிப்பு இரண்டாவதில்தான் இருக்கும்.

மதிப்பெண்ணில் இறுதி நிகழ்ச்சிக்கு நான் 30-க்கு மேல் தருவதில்லை. கியூ தாள் 20, கதவுப் பயிற்சி 15, அடுத்த குழுவின் நிகழ்ச்சியை இயக்கியது 15, மிச்சம் 20 அவரவர் குறிப்பேட்டுக்கு. இப்படி வைத்தால், கடைசி நாளில் புரொஜெக்டர் பழுதானாலும் யாரும் தேர்வில் விழ மாட்டார்கள். ஒளிரும் படத்தை மட்டும் செய்துவிட்டு ஒத்திகைக்கு வராதவர் தப்பவும் மாட்டார்.

நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குள் ஒருவரை அனுப்பி, நிகழ்ச்சிக் கோப்புறை முழுவதையும் இரண்டு வட்டுகளில் நகலெடுக்கச் சொல்லுங்கள். விளக்கு வகைப் புரொஜெக்டராக இருந்தால் அணைத்த உடனே பிளக்கைப் பிடுங்கக் கூடாது; உள்ளே விசிறி நின்ற பிறகுதான். அதுவரை கேபிள்களைச் சுருட்டலாம். முழங்கையில் சுற்றாமல், ஒரு வட்டம் மேலே, ஒரு வட்டம் கீழே என்று மாற்றி மாற்றி.